ஹிரோஷிமாவில் திறந்த நோன்பு

டாக்டரம்மா என் ரிப்போர்ட்டுகளை எல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வருஷம் தாராளமா நோன்பு பிடிங்க" என்று சொன்ன அதே வாரத்தில்தான் என் வீட்டுக்காரருக்கு ஒசாகாவிலிருந்து அழைப்பு வந்தது. இவருக்குத் திண்டுக்கல்லில் தோல் வியாபாரம். கைப்பைக்கும் பெல்ட்டுக்கும் ஆகிற தோலைப் பதப்படுத்தி வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். ஜப்பான்காரர் ஒருவர் சாம்பிளைப் பார்த்துவிட்டு நேரில் வரச்சொன்னாராம்.

"ரெண்டு நாள் சோலிதான். போயிட்டு வந்துருவேன்" என்றார் இவர்.

"போயிட்டு வந்துருவோம்னு சொல்லுங்க மச்சான்" என்றேன் நான். அத்தை மகன் என்பதால் பாவாடை கட்டின வயதிலிருந்து மச்சான்தான். கல்யாணத்துக்குப் பிறகும் மாற்றவில்லை.

நான் பெண்கள் பள்ளியில் சரித்திரம் நடத்தியவள். இரண்டாம் உலகப்போரைப் பத்தாம் வகுப்புக்கு வருஷா வருஷம் நடத்தியிருக்கிறேன். ஹிரோஷிமா என்று கரும்பலகையில் எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்து, "இது கட்டாயம் பரீட்சைக்கு வரும்" என்று சொல்வேன். அதைத் தாண்டி எனக்கும் ஹிரோஷிமாவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஜப்பான் வரைக்கும் போய்விட்டு அதைப் பார்க்காமல் திரும்பினால் நான் என்ன வாத்தியாரம்மா? இவருடைய சோலி முடிந்ததும் முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, ரயிலிலேயே சுற்றி, போர் நடந்த இடங்களை எல்லாம் பார்த்துவிட்டு வருவது என்று முடிவு செய்தேன். முடிவை நான் செய்தேன். இவர் தலையாட்டினார்.

சிக்கல் ஒன்றுதான். அது ரமலான் மாதம்.

மார்பில் கட்டி வந்து, ஆபரேஷன், கீமோ என்று ஆனதில் எனக்கு இரண்டு ரமலான் போய்விட்டது. வீட்டில் எல்லாரும் நோன்பு இருக்க, நான் மட்டும் நடுப்பகலில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஊசி குத்தியபோதுகூட அழாதவள், அந்தத் தட்டைப் பார்த்து அழுதிருக்கிறேன். இப்போது முடி முளைத்துவிட்டது, ரிப்போர்ட்டும் நல்லா இருக்கிறது. ஆனாலும் என் உடம்பு என்னிடம் திரும்பி வந்துவிட்டது என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. முப்பது நோன்பையும் ஒன்றுகூட விடாமல் பிடித்தால்தான் நம்புவேன் என்று எனக்குள்ளேயே ஒரு பிடிவாதம்.

"பிரயாணத்துல இருக்குறவங்களுக்குச் சலுகை இருக்கு ஜுலைகா. மார்க்கமே சொல்லுது. விட்டதை ஊருக்கு வந்து பிடிச்சுக்கலாம்" என்றார் இவர்.

"சலுகையை நீங்க எடுத்துக்கங்க. எனக்கு வேணாம்."

எடுத்துக்கொண்டார். சந்தோஷமாகவே எடுத்துக்கொண்டார்.

ஒசாகா சோலி நல்லபடியாக முடிந்தது. ஜப்பான்காரர் தோலைத் தடவிப் பார்த்து, மோந்து பார்த்து, மடக்கிப் பார்த்து, கடைசியில் அதற்கே குனிந்து ஒரு வணக்கம் வைத்தார். இவருக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் காலையில் ரயிலேறினோம்.

அடேயப்பா, அந்த ரயில்! சத்தமே இல்லை. நம் திண்டுக்கல் - பழனி வண்டியில் ஏறினால் ஒட்டன்சத்திரம் வருவதற்குள் எதிர் சீட்டுக்காரரின் மூன்று தலைமுறைக் கதையும் தெரிந்துவிடும். ஆயக்குடிக் கொய்யா கூடை கூடையாக ஏறி இறங்கும். இங்கே ஒரு பெட்டி நிறைய ஆட்கள் இருக்கிறார்கள், இருமல்கூடக் கேட்கவில்லை. அந்த அமைதிக்கு நடுவில் இவருடைய போன் அடித்தது. இவர் எடுத்து, "ஏலே அப்பு, அந்தத் தோல் லாட்டை வெயில்ல போடாதலே! நெழல்ல காயப்போடு, நெழல்ல!" என்று பட்டறைப் பையனிடம் ஊரில் பேசுகிற மாதிரியே பேசினார். பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் பெரிய அவமானம். நான் ஜன்னல் பக்கம் திரும்பி, இந்த மனிதரை எனக்குத் தெரியாது என்பது போல் உட்கார்ந்துகொண்டேன்.

அடுத்து ஏறியது ஒரு குட்டி ரயில். கடலை ஒட்டியே போகிறது. ஒரு பக்கம் நீலம், இன்னொரு பக்கம் ஆரஞ்சுத் தோட்டம். எதிரில் இருந்த பாட்டியம்மா பையிலிருந்து இரண்டு ஆரஞ்சை எடுத்து எங்களிடம் நீட்டினார். நான் கையெடுத்துக் கும்பிட்டு, வேண்டாம் என்று தலையாட்டினேன். அந்த அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. நோன்பு என்பதை எந்த சாடையில் காட்டுவது? வாயைத் தொட்டு, வானத்தைக் காட்டி, கையை விரித்தேன். பல்வலி என்று நினைத்துக்கொண்டார் போல, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எனக்காக வருத்தப்பட்டார். இவர்தான் சமாளித்தார். தன் ஆரஞ்சைத் தின்று, என் ஆரஞ்சையும் தின்று, "ரொம்ப இனிப்பு, ரொம்ப இனிப்பு" என்று தமிழிலேயே சொன்னார். பாட்டிக்குப் புரிந்துவிட்டது.

நாங்கள் இறங்க வேண்டிய ஊர் வந்தது. பையை மாட்டிக்கொண்டு கதவு முன்னால் போய் நின்றோம். வண்டி நின்றது. கதவு திறக்கும் என்று நின்றோம். திறக்கவில்லை. நாங்கள் மரியாதையாகக் காத்துக்கொண்டிருக்க, வண்டி கிளம்பிவிட்டது! இந்தப் பக்கத்துக் குட்டி ரயில்களில் இறங்குகிறவர்தான் பொத்தானை அமுக்கிக் கதவைத் திறக்க வேண்டுமாம். நம் ஊர் ரயிலில் கதவை மூடி எவன் பார்த்தான்? அடுத்த ஊரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தி எங்களுக்காக அமுக்கிவிட்டாள். எதிர் வண்டி வர வெகுநேரம் ஆகும் என்று போட்டிருந்தது. இவர் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த இரண்டு வருஷத்தில் நாங்கள் இப்படிச் சிரித்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

போன இடம் ஒரு தீவு. போர்க்காலத்தில் ஜப்பான் ராணுவம் ரகசியமாக விஷவாயு தயாரித்த தீவு. தேசப்படத்தில் இருந்தே அதை மறைத்து வைத்திருந்தார்களாம். நான் பயபக்தியோடு படகிலிருந்து இறங்குகிறேன், காலடியில் முயல். பக்கத்தில் இன்னொரு முயல். புதரிலிருந்து ஒரு படையே ஓடி வருகிறது! இன்றைக்கு அது முயல் தீவு. இடிந்த மின்சார நிலையத்தின் கறுத்த சுவரடியில் முயல்கள் வெயில் காய்கின்றன. இவர் வாங்கி வந்திருந்த முட்டைக்கோசைக் கண்டதும் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டன.

"இம்புட்டு முயலா! நம்மூரா இருந்தா ஒண்ணு மிஞ்சியிருக்குமா? மசாலா அரைச்சு முடிக்கிறதுக்குள்ள தீவு காலி" என்றார்.

"விஷவாயு செஞ்ச எடத்துல நின்னுக்கிட்டு பேசுற பேச்சைப் பாரு."

அங்கே வேலை செய்தவர்கள் நுரையீரல் கெட்டுச் செத்ததையும், அந்த வாயு சீனாவில் என்ன செய்தது என்பதையும் நான் இவருக்கு விளக்க ஆரம்பித்தேன். வகுப்பறைக் குரல் தானாக வந்துவிட்டது. கையை நீட்டிச் சுவரைக் காட்டி நான் பேசப் பேச, நாலைந்து வெள்ளைக்காரப் பிள்ளைகள் என்னை வழிகாட்டி என்று நினைத்துப் பின்னாலேயே வந்து நின்றார்கள். தமிழ் ஒரு எழுத்து புரியாமல் தலையாட்டிக் கேட்டார்கள். என் மாணவிகளைவிட ஒழுங்காகக் கேட்டார்கள்.

அன்று சாயங்காலம் சத்திரத்து அறையில் நோன்பு திறந்தேன். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம் வறுத்துத் திரித்த கஞ்சி மாவை ஊரிலிருந்தே கொண்டு போயிருந்தேன். கெட்டில் தண்ணீரில் கரைத்தால் அதுதான் நோன்புக் கஞ்சி. வடைக்கு எங்கே போவது? கடையில் வாங்கிய உருளைக்கிழங்குச் சிப்ஸை முக்கிச் சாப்பிட்டோம். சஹருக்கு, அதாவது விடிவதற்கு முன் சாப்பிடுகிற சாப்பாட்டுக்கு, முக்கோணமாகப் பிடித்த சோற்று உருண்டை வாங்கி வைத்திருந்தேன். கடல்பாசித் தாளைச் சுற்றி விற்கிறார்கள். இவர் ஒரு கடி கடித்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "வெஞ்சனத்தைச் சோத்துக்குள்ளயே ஒளிச்சு வச்சிருக்கான் பாரு. தேடித் திங்கணும்" என்றார். உள்ளே மீன் இருந்தது. நோன்பே இல்லாதவர் சஹருக்கு மட்டும் தவறாமல் எழுந்துவிடுவார்.

அதன் பிறகு ஹிரோஷிமா.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கரும்பலகையில் எழுதிய ஊருக்குள் டிராம் ஓடுகிறது, பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள், செர்ரி மரங்கள் அப்போதுதான் பூக்க ஆரம்பித்திருந்தன. பெரிய பையை ஸ்டேஷனிலேயே காசு போட்டுப் பூட்டுகிற பெட்டியில் வைத்துவிட்டு டிராமில் ஏறினோம். குண்டு விழுந்தும் நின்ற அந்தக் கட்டிடம், எலும்புக்கூடு மாதிரி மண்டையோடு நிற்கிறதே, புத்தகத்தில் எத்தனை முறை பார்த்திருப்பேன். அது சட்டென்று ஒரு திருப்பத்தில் வந்து நின்றது. "மச்சான்! அது! அது!" என்று டிராமுக்குள்ளேயே கத்திவிட்டேன். இந்த முறை பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது என்னை.

அருங்காட்சியகத்துக்குள் நான் ஒரு பெட்டி, ஒரு படம் விடவில்லை. கருகின சட்டை, உருகின சாப்பாட்டு டப்பா. எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டேன். ஒன்றைத்தான் தாங்க முடியவில்லை. தப்பிப் பிழைத்தவர்கள் தங்கள் கையால் வரைந்த படங்கள் வரிசையாக மாட்டியிருக்கின்றன. எந்தப் படத்தின் அடியில் படித்தாலும் ஒரே வார்த்தை. தண்ணீர். தண்ணீர் கொடுங்கள். ஆற்றில் இறங்குகிறவர்கள், குழாயடியில் விழுந்து கிடக்கிறவர்கள், போகிற வருகிறவர் காலைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கேட்கிறவர்கள். நானோ விடிகாலையிலிருந்து ஒரு சொட்டு குடிக்காமல், நாக்கு மேலண்ணத்தில் ஒட்ட நின்று அதைப் படிக்கிறேன். இத்தனை வருஷம் நடத்திய பாடத்தில் இது ஒரு வரிகூட இல்லை. வெளியே வந்தபோது எனக்குத் தலை சுற்றியது.

"ஆத்துப் பக்கம் செத்த நேரம் உக்காரு. நான் போய் பையை எடுத்துட்டு வாரேன். தண்ணி, பேரீச்சம்பழம் எல்லாம் அதுலதான் கெடக்கு" என்று இவர் டிராமுக்கு ஓடினார். என் பணப்பையும் அதே பையில்தான் இருந்தது என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. போனவர் எதிர்த்திசை டிராமில் ஏறி ஊரின் மறுகோடிக்குப் போய்விட்டார். இது பிறகு தெரிந்த கதை.

சூரியன் இறங்கிவிட்டது. என் போனில் பாங்கு ஒலித்தது. நேரம் வந்துவிட்டால் நோன்பு திறப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. கையில் எதுவும் இல்லை. சுற்றிலும் பார்த்தேன். ஆற்றோரம் மரத்தடியில் இடுப்புயரத்துக்கு ஒரு கல் இருந்தது. அதன் முன்னால் ஒரு சின்ன ஜாடியில் பூ. பக்கத்தில் வரிசையாகத் தண்ணீர் பாட்டில்கள், குடிக்கத் தோதாக மூடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். கவிழ்த்த கண்ணாடித் தம்ளர் ஒன்று.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைப் பார்த்தால் என்ன தோன்றும்? பங்குனி பிறந்தாலே மூலைக்கு மூலை தண்ணீர்ப்பந்தல் போட்டு, பானைக்குப் பூச்சரம் சுற்றி, தம்ளரைக் கவிழ்த்து வைப்பார்கள். யாரும் யாரையும் கேட்க வேண்டாம், எடுத்துக் குடிக்கலாம். ரமலானில் கடைத்தெருவில் நோன்பாளிகளுக்கென்றே பாட்டில்களைத் திறந்து வைத்திருப்பார்கள். நல்ல மனசுக்காரன் எவனோ வழிப்போக்கர்களுக்கு வைத்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். தம்ளரில் ஊற்றி, பிஸ்மில்லாஹ் சொல்லி, மடக் மடக்கென்று ஒரு பாட்டிலை முடித்தேன். யா அல்லாஹ், அப்படி ஒரு தண்ணீரை நான் வாழ்நாளில் குடித்ததில்லை.

தம்ளரை இறக்கியபோது எதிரில் ஒரு பெண் சைக்கிளைப் பிடித்தபடி நின்றாள். என் வயதுதான் இருக்கும். சைக்கிள் கூடையில் புதுத் தண்ணீர் பாட்டில்கள் இருந்தன. தர்மம் செய்கிற புண்ணியவதி இவள்தான் என்று, எனக்குத் தெரிந்த ஒரே ஜப்பானிய வார்த்தையில் நன்றி சொல்லி, காலி பாட்டிலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. கல்லைப் பார்த்தாள். பாட்டிலைப் பார்த்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்கும் கண் திறந்தது. கல்லில் வரிசையாகச் செதுக்கிய பெயர்கள். அதன் கழுத்தில் மாலை மாதிரி தொங்கிய காகிதக் கொக்குகள். வாத்தியாரம்மா, உள்ளே அவ்வளவு படித்துவிட்டு வந்து என்ன காரியம் செய்தாய்! செத்துப்போனவர்களுக்கு வைத்த தண்ணீர் அது. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. மன்னிப்புக் கேட்கவும் பாஷை இல்லை. அழுகை வந்துவிட்டது.

அவள் போனில் மொழிபெயர்ப்பைத் திறந்து நீட்டினாள், நான் பட்டியலில் தமிழைத் தொட்டேன், அவள் அதில் பேசினாள். போன் தமிழில், வானொலிச் செய்தி வாசிப்பவரைப் போலக் கேட்டது: "நீங்கள் அந்தத் தண்ணீரை அருந்தினீர்களா?"

"தெரியாமக் குடிச்சுட்டேம்மா, மன்னிச்சுக்க. நான் நோன்பு. விடிஞ்சதுலருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல" என்று போனிடம் சொன்னேன். அது என்னத்தைப் புரிந்துகொண்டு என்னத்தைச் சொன்னதோ! அவள் கேட்டுவிட்டு, மறுபடியும் போனில் பேசினாள்.

"மிகவும் தாகமாக இருந்தீர்களா?"

"ஆமாம்மா. ரொம்ப."

அவள் சைக்கிளை அப்படியே புல்லில் சாய்த்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

அவள் பெயர் கெய்கோ. அந்தக் கல் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்காக நட்டது. அவளுடைய அம்மாவின் அக்கா பெயரும் அதில் இருக்கிறது. குண்டு விழுந்த அன்று, கட்டிடம் இடிக்கிற வேலைக்கு அழைத்துப் போயிருந்த பிள்ளைகளில் அக்கா மட்டும் எப்படியோ நடந்து வீடு வந்து சேர்ந்திருக்கிறாள், உடம்பெல்லாம் வெந்துபோய். தண்ணீர் கேட்டிருக்கிறாள். தீக்காயம் பட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தால் செத்துவிடுவார்கள், கொடுக்காதே என்று பெரியவர்கள் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். பத்து வயதுத் தங்கச்சி அதை நம்பி, தண்ணீர்ப் பாத்திரத்தை ஒளித்து வைத்துவிட்டது. அக்கா விடிய விடியக் கேட்டிருக்கிறாள். விடிந்ததும் செத்துப்போனாள்.

அன்றிலிருந்து அந்தத் தங்கச்சி இங்கே தண்ணீர் கொண்டுவந்து வைத்தபடியே இருந்திருக்கிறாள். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, கிழவியாகியும் விடவில்லை. இப்போது நடக்க முடியாததால் மகள் கொண்டுவருகிறாள். "மறுநாள் அதை மண்ணில் ஊற்றிவிட்டு வேறு வைப்போம். யாரும் அருந்தி நான் பார்த்ததில்லை" என்றது போன். பிறகு கெய்கோ என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டாள். "நாளை மாலை என் அம்மாவை இங்கே அழைத்து வர விரும்புகிறேன். நாளையும் நீங்கள் தாகமாக இருப்பீர்களா?"

நான் என்ன சொல்ல? இருப்பேன் என்றேன்.

பையைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஓடிவந்த இவர், முன்பின் தெரியாத ஒரு பெண்ணைக் கட்டிப்பிடித்து நான் அழுதுகொண்டிருப்பதைப் பார்த்துப் பயந்தே போனார். விஷயத்தைச் சொன்னதும், "படையல் தண்ணியவா குடிச்ச?" என்று முதலில் திகைத்தார். "தெரியாமத்தானே குடிச்சேன். மனசறிஞ்சு செஞ்சாத்தானே குத்தம்" என்றேன். நாளைக்கும் இருப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றதும் தலையில் கைவைத்தார். மறுநாள் காலை ஒசாகாவுக்குத் திரும்புவதாகத்தான் ஏற்பாடு.

அறைக்குப் போகிற வழியில் படியில் எனக்குக் கால் மடங்கிவிட்டது. இவர் பிடித்துக்கொண்டார். பயத்தில் கோபம் வந்துவிட்டது மனிதருக்கு. "ஒடம்பைப் பாரு ஜுலைகா! இன்னும் ஒரு நாள் தங்கணும்னா தங்கலாம், நான் என்னமும் பண்ணி ஏற்பாடு பண்றேன். ஆனா நாளைக்கு நோன்பு வேணாம். பகல்ல தண்ணியக் குடி, சோத்தைத் தின்னு. சாயங்காலம் போய் அந்தம்மா முன்னாடி இன்னொரு வாய் குடி. அவங்களுக்கு என்ன தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே மச்சான்."

"முப்பதும் பிடிக்கணும்னு உனக்கு வைராக்கியம். அதுக்கு உசுரையா விடுவ?"

"இது என் முப்பதுக்காக இல்ல" என்றேன். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது. "தாகமா வாரேன்னு கெய்கோகிட்ட சொல்லியிருக்கேன். தாகமில்லாம போய் நடிக்கச் சொல்றீங்களா?"

இவர் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். ஆனால் சஹருக்கு என்னை எழுப்பியது இவர்தான். கஞ்சி கரைத்து வைத்திருந்தார், கட்டியும் முட்டியுமாக. நான் பெரிய செம்பு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, இன்றைக்கு நோன்பு பிடிக்கிறேன் என்று நிய்யத்து வைத்தேன். பக்கத்தில் இவரும் முணுமுணுவென்று நிய்யத்து வைப்பது கேட்டது. என்ன என்று திரும்பிப் பார்த்தேன். "சலுகை போதும்" என்றார்.

அன்றைய பகல் லேசில் போகவில்லை. காலையில் தெம்பாகத்தான் இருந்தேன். ஆற்றுப் பாலங்களை எல்லாம் பார்த்தோம், செர்ரிப் பூவைப் படம் எடுத்தோம், இரும்புத்தட்டில் முட்டைக்கோசு தோசை சுடுகிற கடை வாசலில் நின்று வாசனை பிடித்தோம். பிற்பகலில் வெயில் ஏறியது. கீமோவுக்குப் பிறகு எனக்கு வாய் சீக்கிரம் வறண்டுவிடும். டிராம் நிறுத்தத்து பெஞ்சில் சாய்ந்தேன், எதிர்க்கட்டிடம் மேலும் கீழுமாக ஆடியது. இவர் பையிலிருந்து தண்ணீரை எடுத்து நீட்டினார். வாங்கிவிட்டேன். மூடியைத் திருகிவிட்டேன். பாட்டில் குளிர்ச்சியாக இருந்தது. இதற்கு மேல் முடியாது என்று தோன்றினால் குடிப்பதில் பாவமில்லை, அது எனக்கும் தெரியும். முடியுமா, முடியாதா? என் உடம்பைத்தான் கேட்டேன். கொஞ்சம் பொறு என்று அது சொன்னது. இரண்டு வருஷமாக அது என்னிடம் பேசியதே இல்லை. முகத்தை மட்டும் நனைத்துக்கொண்டு மூடியை இறுக்கினேன். இவர் தன் சட்டையை நனைத்து என் பிடரியில் போட்டுவிட்டு, பனியனோடு உட்கார்ந்திருந்தார். ஹிரோஷிமாவே எங்களைப் பார்த்துக்கொண்டு போனது.

சாயங்காலம் போனபோது அவர்கள் முன்பே வந்திருந்தார்கள். சக்கர நாற்காலியில் ஒரு சின்ன உருவம். வெள்ளை முடியை வாரி, நல்ல உடுப்பு உடுத்தி, மடியில் ஒரு பிளாஸ்க்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார் அந்த அம்மா. நான் குனிந்து சலாம் சொன்னேன். அவர் பதிலுக்குக் குனியவில்லை. என் உதட்டையே பார்த்தார். வெடித்துத் தோலுரிந்து போயிருந்த உதடு. கெய்கோ தன் போனை அம்மாவின் மடியில், பிளாஸ்க் பக்கத்தில் வைத்தாள்.

பாங்கு ஒலித்தது. கல்லின் முன்னால் வைத்த பாட்டில்களை நான் தொடவில்லை. அந்த அம்மா பிளாஸ்க்கைத் திறந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த தம்ளரில் அவரே ஊற்றினார். கை நடுங்கி, பாதி வெளியே சிந்தியது. கெய்கோ பிடிக்கப் போனாள், அவர் விடவில்லை. பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, பிஸ்மில்லாஹ் சொல்லிக் குடித்தேன். என் தொண்டைக்குழி ஏறி இறங்குவதை அவர் கண் கொட்டாமல் பார்த்தார். தம்ளரை இறக்கினேன்.

"இன்னும் வேண்டுமா?" என்றது போன்.

"வேணும்மா" என்றேன்.

ஊற்றினார். குடித்தேன். பின்னாலிருந்து இவர், "எனக்கும் ஒரு வாய் கிடைக்குமா? நானும் நோன்புதான்" என்று மெதுவாகச் சொன்னார். போன் அதைச் சொன்னதும் அந்த அம்மா முதல்முறையாகச் சிரித்தார். இவருக்கும் ஊற்றினார். பிறகு மறுபடியும் எனக்கு. வயிறு நிறைந்து நெஞ்சு வரைக்கும் முட்டியது. இன்னும் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வேண்டும், வேண்டும் என்று நானும் நீட்டிக்கொண்டே இருந்தேன். பிளாஸ்க்கில் ஒரு சொட்டு மிச்சம் வைக்கக் கூடாது என்று எனக்கு அப்படி ஒரு வெறி.

கடைசிச் சொட்டும் விழுந்தது. அந்த அம்மா பிளாஸ்க்கைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறிப் பார்த்தார். கல்லின் பக்கம் திரும்பவில்லை. மகளின் பக்கம் திரும்பி, சின்னப் பிள்ளை மாதிரி ஏதோ சொன்னார். கெய்கோ முகத்தை மூடிக்கொண்டு நின்றதால் போனை அணைக்க யாரும் இல்லை. அது மடியில் கிடந்தபடி, தன் செய்தி வாசிக்கிற குரலில் சொன்னது:

"அக்கா எல்லாவற்றையும் குடித்துவிட்டாள்."